பெப்டைடு சேர்க்கும் முன்பே கால்சீன் கசிந்தால்

பெப்டைடு சவ்வைத் துளைக்கிறதா என்று பார்க்கும் சோதனையில், அதைச் சேர்க்கும் முன்பே கால்சீன் கசிகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெப்டைடு மேல் பழி போடாதீர்கள். கால்சீன், நெருக்கமாக அடைபட்டிருக்கும்போது மங்கி, வெளியே வந்ததும் பளிச்சென்று ஒளிரும் சாயம். அதைச் சேர்க்கும் முன்பே ஒளிர்வு ஏறுகிறது என்றால், சாயத்தை அடைத்த லிப்போசோம் (லிப்பிடு சவ்வாலான நுண்ணிய பை) தானாகக் கசிகிறது. பெரும்பாலும் உள்ளும் வெளியும் சவ்வூடுபரவல் அழுத்தம் பொருந்தவில்லை.

உள்ளே 70 மில்லிமோலார் கால்சீன், அதைக் கரைக்க ஊற்றிய சோடியம் ஹைட்ராக்சைடு வேறு. வெளியே, நீங்கள் எழுதியபடி, உப்பில்லாத 10 மில்லிமோலார் ஹெப்பீஸ் பஃபர் (pH மாறாமல் வைக்கும் கரைசல்). தண்ணீர் உள்ளே பாயாமல் என்ன செய்யும்? வெளி பஃபரில் சோடியம் குளோரைடு சேர்த்து, ஆஸ்மோமீட்டரில் பார்த்து இரண்டையும் சமமாக்குங்கள். செஃபடெக்ஸ் ஜி-50-இல் (அளவு பார்த்துப் பிரிக்கும் ஜெல்) வெளியே மிஞ்சிய சாயத்தைப் பிரிக்கும்போதும் அதே பஃபர்தான்.

அப்புறம் பெப்டைடே இல்லாமல் அரை மணி நேரம் அளந்து பாருங்கள். ஒளிர்வுக் கோடு உயரத்தில் தொடங்கி அப்படியே நின்றால், பிரியாமல் தங்கிய சாயம். ஏறிக்கொண்டே போனால் கசிவு. கடைசியில் டிரைட்டான் எக்ஸ்-100 (சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) விட்டு, எல்லாச் சாயமும் வெளியேறிய 100 சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் லிப்பிடு டிஎம்பிசி என்றால் உப்பு மட்டும் காப்பாற்றாது. அதன் நிலைமாற்றம், அதாவது இறுகிய சவ்வு இளகும் வெப்பநிலை, சுமார் 24 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பநிலையில் சவ்வு தானே ஒழுகும். வாளையாறுக்கு இந்தப் பக்கம், பாலக்காட்டு வெயிலுக்குப் பயந்து ஏசியைச் சரியாக 24-இல் வைத்துவிட்டு ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிஓபிசி என்ற லிப்பிடுக்கு இந்தத் தொல்லை இல்லை.