வாசகர் கேள்வி: குளிரும் ஒரு எதிரியா?

கேள்வி: ரெண்டாம் உலகப்போர்ல பெல்ஜியத்துல இருக்கற பாஸ்டோன்ங்கற ஊர் முற்றுகையில சிக்கின அமெரிக்க சிப்பாய்ங்களுக்கு ஜெர்மன்காரனைவிட குளிர்தான் பெரிய எதிரின்னு சொல்றாங்களே, குளிர் அப்படி என்னங்க பண்ணிடும்?
- ஒரு வாசகர், தேனி

பதில்: ஆளையே முடக்கிடும்ங்க. 1944 டிசம்பர் 16 விடியக்காலைல பெல்ஜியத்து ஆர்டென் காட்டுப்பக்கம் ஹிட்லர் படை திடீர்னு பாய்ஞ்சுது, உடனே பிரான்ஸ்ல ஓய்வுல இருந்த அமெரிக்காவோட 101-வது பாராசூட் டிவிஷனை லாரில ஏத்தி பாஸ்டோனுக்கு அனுப்பிட்டாங்க, போன அவசரத்துல நிறைய பேருக்கு குளிர் கோட்டு இல்ல, பனிக்கான மேல்ஷூ இல்ல, சிலர்கிட்ட தோட்டாகூட போதுமானது இல்ல.

உறைஞ்ச மண்ணுல குழி வெட்டி அதுக்குள்ளயே ராத்திரி பகலா கிடக்கணும். நெருப்பு மூட்டினா எதிரிக்கு தெரிஞ்சிடும். பீரங்கி ஷெல் மர உச்சிலயே வெடிச்சு இரும்புத்துண்டும் மரச்சிம்பும் தலைமேல கொட்டும், அதனால குழிமேல கட்டையை அடுக்கி மூடிக்குவாங்க.

இதுல கால்தாங்க பெரிய பாடு. நனைஞ்ச லெதர் பூட்ஸை கழட்டாமலே நாள்கணக்கா இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் மரத்துப்போகும், அப்புறம் வீங்கும், முத்திப்போனா அழுகி வெட்டி எடுக்கற நிலைமைக்கு வந்துடும், இதுக்கு ட்ரெஞ்ச் ஃபுட்னு பேரு. ஈர சாக்ஸை சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வெச்சு காயவைப்பாங்க, ஒருத்தன் காலை இன்னொருத்தன் தேய்ச்சு விடுவான். சரணடையச் சொன்ன ஜெர்மன்காரங்களுக்கு அமெரிக்க ஜெனரல் மெக்காலிஃப் ஒரே வார்த்தையில மாட்டேன்னு பதில் கொடுத்ததைத்தான் எல்லாரும் பேசறாங்க, எனக்கு என்னவோ குழிக்குள்ள நண்பன் காலைப் பிடிச்சுவிட்ட அந்தப் பசங்கதான் பெருசா தெரியறாங்க.

காயம்பட்டவங்க நிலைமை இன்னும் கொடுமை. டிசம்பர் 19 ராத்திரியே டிவிஷனோட ஆஸ்பத்திரி ஜெர்மன்காரங்க கைக்கு போயிடுச்சு, மூடுபனியால 23 வரைக்கும் விமானத்துல மருந்தும் போட முடியல, இருந்த மார்ஃபின்ங்கற வலி மருந்து உறையாம இருக்க, மெடிக்குங்கற மருத்துவ சிப்பாய்ங்க அதை அக்குள்ல வெச்சுக்கிட்டு திரிஞ்சாங்க. 24-ந்தேதி ராத்திரி சிகிச்சை நடந்த கட்டடத்துமேலயே குண்டு விழுந்து, உதவிக்கு வந்திருந்த பெல்ஜிய நர்ஸ் ரெனே லெமேரும் காயம்பட்டு படுத்திருந்த பலரும் செத்துப்போனாங்க. லெமேரோட வேலை பார்த்த ஆகஸ்டா ஷிவிங்கற நர்ஸ் பிழைச்சாங்க, அந்தம்மாவோட பேர் பல வருஷம் வெளியவே வரல.

26-ந்தேதி அமெரிக்க ஜெனரல் பேட்டனோட டாங்க் வந்து முற்றுகை உடைஞ்சதோட கதை முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. ஆர்டென் சண்டை மொத்தமா ஜனவரி 25 வரைக்கும் நடந்துது, அமெரிக்கா பக்கம் மட்டும் சுமார் 19,000 பேர் செத்தாங்க. பாஸ்டோன்ல தப்பிச்ச அதே ஆளுங்களைத்தான் ஜனவரி நடுவுல ஃபோய், நோவீல் கிராமங்களைப் பிடிக்க திரும்ப பனிக்குள்ள அனுப்பினாங்க.