மழைநீரில் நின்றுபோன ஸ்கூட்டரை உடனே ஸ்டார்ட் செய்யலாமா?

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது, செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கிக்கரும் வேண்டாம். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது காற்றைப்போல அது அமுங்காது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்தால் செலவு ஆயிரங்களில் போய் நிற்கும்.

தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள். மெக்கானிக் முதலில் ஃபில்டர் டப்பாவைத் திறப்பார். பேப்பர் ஃபில்டர் நனைந்திருந்தால் காயவைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அப்புறம் சாவியை ஆஃப் செய்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மிதித்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். இன்ஜின் ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்கிறதா? தண்ணீர் கலந்துவிட்டது. மாற்றாமல் ஓட்டாதீர்கள். பின்சக்கரப் பக்கம் இருக்கும் கியர் ஆயிலைப் பலரும் மறந்துவிடுவார்கள், மெக்கானிக்கும் சேர்த்துத்தான். சுமார் 100 மில்லிதான் பிடிக்கும், கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்ஜினின் வேகத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் ஈரமாக இருந்தால் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது. காய்ந்தால் சரியாகிவிடும். டிரம் பிரேக்கும் அப்படித்தான்: மெதுவாகப் போய்க்கொண்டே லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள்.