நான்கு வரியும் பதினான்கு கோப்பும்

அன்புள்ள சார்,

நான் பயன்படுத்தும் ஒரு திறமூலக் குறிப்பேட்டுச் செயலியில் 'கொடி' என்று தேடினால் சில குறிப்புகள் வருவதே இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்தி, என் முதல் புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கையை, அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, "பிரித்து அனுப்புங்கள், முதலில் திருத்தம் மட்டும்" என்று செயலியைப் பராமரிப்பவரிடமிருந்து ஒரே வரியில் பதில். மொத்தம் 14 கோப்புகள் மாறியிருந்தன. போகிற போக்கில் வரித் தொடக்க இடைவெளியான இண்டென்ட்டையும் ஒழுங்குபடுத்தியிருந்தேன். நல்லதுதானே செய்தேன்? விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

விட்டுவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய இணைப்பைத் திறந்து பார்த்தேன். திருத்தம் சரியானது. 'கொ'வில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். தமிழில் தினமும் எழுதுகிறவர் கண்ணில்தான் இது படும்.

ஆனால் அந்த நான்கு வரியைத் தேடிப் பிடிக்க எனக்கே கால் மணி நேரம் ஆனது. மற்றதெல்லாம் இடைவெளி மாற்றம். ஏற்றுக்கொண்ட பிறகு அந்த நிரலுக்குப் பொறுப்பு பராமரிப்பவர்தான், அதனால் ஒவ்வொரு வரியையும் அவர் படித்தாக வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் வழிகாட்டியிலும் இதே விதிதான்: ஒரு பேட்ச்சில், அதாவது அனுப்பும் ஒரு திருத்தத் தொகுப்பில், ஒரு மாற்றம். அந்தக் கெர்னல் வேலைக்காகவே 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டை எழுதத் தொடங்கினார். அதனால் மாற்றங்களைப் பிரித்துக் கொடுக்கும் வசதி அதில் தாராளமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இப்போதுள்ள பிராஞ்ச்சுக்கு (உங்கள் மாற்றங்கள் உள்ள தனிக் கிளைக்கு) ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம், பிராஞ்ச் பிரிந்த இடத்துக்கு 'கிட் ரீசெட்' செய்யுங்கள். கமிட்டுகள் (பதிந்து வைத்த மாற்றங்கள்) போகும், கோப்புகளில் உங்கள் மாற்றம் அப்படியே இருக்கும். இனி 'கிட் ஆட் -பி'. ஒவ்வொரு துண்டாகக் காட்டி, சேர்க்கவா என்று கேட்கும். திருத்தமும் இண்டென்ட்டும் ஒரே துண்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் 'எஸ்' அழுத்துங்கள், பிரித்துக் கொடுக்கும். பிரியாவிட்டால் 'இ' அழுத்திக் கையால் திருத்தலாம். கமிட் செய்ததும் மீதியை 'ஸ்டாஷ்' செய்துவிட்டு, அதாவது தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சோதனைகளை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பாத நிரலையும் சேர்த்துத்தான் சோதிப்பீர்கள். அதே பிராஞ்ச்சுக்கு ஃபோர்ஸ் புஷ் செய்தால், அதாவது பழையதை மாற்றி மேலெழுதினால், பழைய புல் ரிக்வெஸ்ட்டே புதுப்பிக்கப்பட்டுவிடும்.

இன்னொன்று. உங்கள் கமிட் செய்தியில் "தேடல் பிழை சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்தில், காரணமே தெரியாமல் அரை நொடி காத்திருக்கும் ஒரு வரியைப் பார்த்தேன். அந்த வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் 'கிட் பிளேம்' போட்டால் அதிலும் இதே மாதிரி ஒரு செய்திதான். தேவையில்லை என்று நீக்கினேன். அடுத்த வாரமே பழைய கணினிகளில் செயலி திறக்கவில்லை என்று புகார்கள் வந்தன. எழுதியவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது, எழுதி வைக்கவில்லை. ஒகரக் குறியைப் பற்றி எனக்கு எழுதியதையே அந்தச் செய்தியில் மூன்று வரியாக எழுதுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் நாளை இந்த நான்கு வரி எதற்கு என்று பார்க்கும்போது பதில் அங்கேயே இருக்கட்டும்.

இண்டென்ட் மாற்றம் அவர்களுக்கு வேண்டுமா என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி, வருத்தப்பட ஒன்றுமில்லை. திருத்தத்தோடு ஒரு சோதனையையும் சேருங்கள்: இரண்டு விதமாகவும் எழுதிய 'கொடி', ஒரே தேடலில் இரண்டும் வர வேண்டும். அனுப்பியதும் எனக்கு இணைப்பைத் தாருங்கள், படிக்கிறேன்.