டிஃப் லாக் எப்போது போடுவது, எப்போது எடுப்பது: கேள்வி பதில்

வளைவில் ஒரே ஆக்ஸிலின் (அச்சின்) இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது டிஃப்ரன்ஷியல். அவற்றை ஒன்றாகப் பூட்டி ஒரே வேகத்தில் சுழல வைப்பது டிஃப் லாக். எந்த வண்டி, என்ன தரை, டயரில் எவ்வளவு காற்று: இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அப்போதுதான் சரியான பதில் சொல்ல முடியும்.

ஃபார்ச்சூனர் 4x4, கோவை: சார், சேற்றில் மாட்டிய பிறகு லாக் போட வேண்டுமா, முன்பே போடலாமா?

முன்பே. லாக் இல்லாத டிஃப்ரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதைச் சுற்ற எவ்வளவு போதுமோ, கெட்டித் தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் அவ்வளவுதான். வழுக்கும் சக்கரம் குழி தோண்டும், வண்டி நகராது. ஐந்து விநாடி அழுத்தினால் ஆக்ஸில் மண்ணில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு லாக் போட்டுப் பெரிய பயனில்லை. மண்வெட்டிதான் வேண்டும்.

செய்முறை: சேற்றுக்கு முன்னால் நிறுத்துங்கள். 4 லோ (நாலு சக்கரத்துக்கும் சக்தி தரும் குறைவேக கியர்), ஸ்டியரிங் நேராக, பிறகு லாக் ஸ்விட்ச். லாக் விளக்கு மின்னினால் லாக்கின் பற்கள் இன்னும் சேரவில்லை. ஓரடி மெதுவாக நகர்த்துங்கள், சேரும். விளக்கு நிலையாக எரிந்த பிறகே இறங்குங்கள். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது ஸ்விட்சைத் தட்டினால் பற்கள் மோதி நுனி உடையும். தாண்டியதும் உடனே எடுங்கள். விளக்கு அணையவில்லையா? ஊர்ந்தபடியே ஸ்டியரிங்கை இருபக்கமும் லேசாகத் திருப்புங்கள். ஆக்ஸிலில் இறுக்கம் தளர்ந்ததும் விலகிவிடும். லாக் போட்டிருக்கும்போது ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் அது பழுதல்ல. உங்கள் வண்டியில் ஏபிஎஸ்ஸும் சறுக்கல் கட்டுப்பாடும் அப்போது வேலை செய்யாது, அவ்வளவுதான்.

தார் டீசல், திருச்சி: அண்ணா, என் வண்டியில் லாக் பட்டனே இல்லையே?

தாரில் மெக்கானிக்கல் லாக் வந்த வேரியண்ட்களில் பட்டன் இருக்காது. ஒரு பின்சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேகமாகச் சுழன்றால் உள்ளே இருக்கும் கவர்னர் (சுழற்சி வேகத்தை உணரும் பாகம்) தானாகப் பூட்டும். 'டக்' என்று கேட்கும். ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பூட்டாது. பலர் செய்யும் தவறு, சக்கரம் சுழல ஆரம்பித்ததும் பயந்து காலை எடுப்பது. ஆக்ஸிலரேட்டரை நிதானமாக, ஒரே அளவில் வைத்திருங்கள், பூட்டிக்கொள்ளும். முழுசாக மிதித்தால் பூட்டும் நொடியில் ஆக்ஸிலுக்கு அடி விழும். எல்லா வேரியண்ட்டிலும் இந்த லாக் கிடையாது. முதலில் உங்களுடையதைச் சரிபாருங்கள்.

ஜிம்னி, பெங்களூரு: பிரேக் மூலமாகவே வழுக்கும் சக்கரத்தைப் பிடிக்கும் வசதி இருக்கும்போது லாக் எதற்கு? அது பழைய காலத்துச் சமாச்சாரம்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். வழுக்கும் சக்கரத்தைச் சுற்ற 50 நியூட்டன் மீட்டர் போதும், மறுசக்கரத்துக்கு 450 தேவை என்று வைத்துக்கொள்வோம். லாக் இருந்தால் ஆக்ஸிலுக்கு 500 வந்தாலே வேலை முடிந்தது. பிரேக் முறையில் வழுக்கும் பக்கத்தில் பிரேக் 400 பிடித்தால்தான் இரு பக்கமும் 450 ஆகும். ஆக்ஸிலுக்கு 900 வர வேண்டும். அந்த 400 பிரேக்கில் சூடாகப் போகிறது. தவிர, சக்கரம் முதலில் சுழன்றால்தான் பிரேக் பிடிக்கும். மணலில் அந்த ஒரு சுழற்சியிலேயே பாதி டயர் புதைந்துவிடும்.

அதே ஜிம்னி: ஆனால் பிரேக் முறையில் வண்டி நன்றாக வளைகிறதே? லாக் போட்டால் நேராகத்தானே போகும்?

நியாயமான வாதம். வளைவுகள் நிறைந்த பாறைப் பாதையில், முன் ஆக்ஸிலுக்கு பிரேக் முறைதான் எனக்கும் பிடிக்கும். பின் ஆக்ஸிலில் லாக், முன்னால் பிரேக் முறை: இதுவே நல்ல சேர்க்கை. நீளமான மணல் ஏற்றத்தில் மட்டும் பிரேக்கை நம்பாதீர்கள்.

இன்னொருவர்: அப்போ ஜிம்னி வாங்கியது தப்பா அண்ணா?

இல்லை தம்பி. எடை 1,200 கிலோ அளவுதான். அது பாதி வேலையைச் செய்துவிடும். டயர் காற்றைக் குறையுங்கள்.

ஃபார்ச்சூனர், சேலம்: மழையில் ஹைவேயில் பின் லாக் போட்டால் பிடிப்பு கூடுமா?

கூடாது. கெட்டி ரோட்டில் லாக் போடவே போடாதீர்கள். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். லாக் அதை விடாது. டயர் தேயும், ஆக்ஸில் முறுக்கேறும், ஈர ரோட்டில் பின்பக்கம் வீசிவிடும்.

கூர்க்கா, ஓசூர்: முன்னும் பின்னும் லாக் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே போடலாமா?

முதலில் பின். போதாவிட்டால் மட்டும் முன். எடுக்கும்போது முன்னதை முதலில். முன் லாக் போட்டபடி ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து அழுத்தினால் முன் ஆக்ஸில் மூட்டு உடையும். பாறைமேல் சக்கரம் பிடிப்பாக நிற்கும்போது அபாயம் இன்னும் அதிகம். இறக்கத்தில் முன் லாக் வேண்டாம், ஸ்டியரிங் கேட்காது.

இதோடு ஒன்று, யாரும் கேட்கவில்லை, ஆனால் லாக்கால் வண்டி உருளும் அபாயம் இங்கே உண்டு. பக்கவாட்டில் சரிந்த ஈரப் பாதையில் குறுக்கே போகும்போது லாக்கை எடுத்துவிடுங்கள். லாக் இல்லாவிட்டால் ஒரு பின்சக்கரம் மட்டும் சுழலும், மற்றது சுழலாமல் பக்கவாட்டுப் பிடிப்பைக் காக்கும். லாக் இருந்தால் இரண்டும் சேர்ந்து சுழன்று வண்டியின் வால் பள்ளத்தை நோக்கி வழுக்கும்.

கோவில்பட்டி, தார்: கரிசல் சேற்றில் லாக் விழுந்தும் நகரவில்லை. ஏன்?

நாலு டயரும் மண் அப்பி வழவழப்பாகிவிட்டன. கரிசல் மண் டயர் பட்டன்களின் இடுக்கை அடைத்துவிட்டால், எந்த டயரிலும் பிடிப்பு இல்லை. பிடிப்பே இல்லாத இரண்டு சக்கரங்களை லாக் சேர்த்துப் பூட்டி என்ன பயன்? சேற்றுக்கான டயர் போடுங்கள், அல்லது மழை விட்டு மண் காய்ந்த பிறகு போங்கள்.

தூத்துக்குடி: தேரி மணலில் லாக் போட்டு ஏறலாமா?

முதலில் காற்று. 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் பல ஏற்றங்களுக்கு லாக் தேவையே இருக்காது. அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மைவிட்டுக் கழலும் அபாயம் கூடும். ரோட்டுக்கு வந்ததும் நிரப்புங்கள்.

நான்கு பேர்: ரோட்டில் லாக் போடலாமா?

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பழைய ஜீப், ஈரோடு: காற்றில் இயங்கும் லாக்கர் போடலாமா, டிஃப்ரன்ஷியலை வெல்டு அடித்து நிரந்தரமாகப் பூட்டிவிடலாமா?

வெல்டு வேண்டவே வேண்டாம், ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது ஆபத்து. லாக்கர் வாங்குமுன் ஆக்ஸில் ஷாஃப்ட்டைக் கழற்றி ஸ்ப்லைன்களை (ஷாஃப்ட் நுனியில் உள்ள நீள்வரிப் பற்கள்) எண்ணுங்கள். எண்ணிக்கை மாறினால் பொருந்தாது. கிரவுன், பினியன் (டிஃப்ரன்ஷியலின் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) இடைவெளியை அளந்து வைக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள்.

கேரளா எல்லை, ஹைலக்ஸ்: ஆற்றைக் கடந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

ஆக்ஸில் ப்ரீதர் குழாய், அதாவது ஆக்ஸில் கூட்டுக்குக் காற்றுப் போக்கு தரும் குழாய். சூடான ஆக்ஸில் தண்ணீரில் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சும். டிஃப் ஆயிலின் நிரப்பு போல்ட்டைத் திறந்து பாருங்கள். பாலில் டீ கலந்த நிறத்தில் இருந்தால் அன்றே ஆயிலை மாற்றுங்கள்.