ஈட்டுக்குப் போன வயலும் ஒரு வருட எம்.ஏ.யும்

ஆரையம்பதியிலிருந்து எழுதிய தம்பிக்கு,

பேராதனையில் அரசியல் விஞ்ஞானம் முடித்துவிட்டு, ஒரு வருடமாக மட்டக்களப்பு டவுனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருக்கிறீர்கள். வெளிநாட்டில் எம்.ஏ. படிக்க வேண்டும், அரசியலா, சர்வதேச உறவுகளா, அபிவிருத்திக் கற்கையா, எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் தரவரிசையில் மேலே என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரர் வருகிற ஜனவரிக்கே லண்டனுக்கு அனுப்பலாம் என்கிறார், அப்பாவும் வயலை ஈடு வைக்கச் சம்மதித்துவிட்டார். நான் அந்த வரிக்குத்தான் பதில் எழுதப் போகிறேன். மற்றவை இடையில் வந்தால் வரட்டும்.

எனக்குக் காரைதீவு. 2010 ஜனவரியில் ஹீத்ரோவில் இறங்கினேன். சம்மாந்துறைப் பக்கத்து வட்டையில் அப்பாவுக்கு இருந்த மூன்று ஏக்கரை ஈடு வைத்த காசு. என்னை அனுப்பியவரும் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து கதைத்தவர்தான். ‘பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி’ என்றார். விலாசத்தைத் தேடிப் போனால் கிழக்கு லண்டனில் ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே இரண்டு மாடி. வகுப்பில் கதிரைகள் இருபதுகூட இருக்காது, பெயர்ப்பட்டியல் மூன்று தாளுக்குப் போயிற்று. வரவு எடுக்கிற பொடியனே சிலநேரம் படிப்பிக்கவும் செய்தார். நானும் சேர்த்து நான்கு பேர் ஒரு அறையில். கரண்டுக்கு ஒரு திறப்பு மாதிரி ஒன்று தருவார்கள்; அதைக் கடையில் கொடுத்து ஐந்து பவுண்ஸ், பத்து பவுண்ஸ் என்று ஏற்றி வந்து மீற்றரில் செருக வேண்டும். பெப்ரவரியில் ஒரு இரவு அது தீர்ந்துபோனபோது, அம்மா கல்முனை பஸாரில் வாங்கித் தந்த ஜக்கெற்றையும் போட்டு, அதன்மேல் சாரத்தையும் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ஆறு மாதத்தில் அந்தக் கல்லூரியின் அனுமதியை அரசாங்கம் பறித்துவிட்டது. 60 நாளுக்குள் வேறு இடம் பார், இல்லையென்றால் வெளியேறு என்று கடிதம். கட்டிய காசு திரும்பவில்லை. கட்டாரில் இருந்த அத்தான் அனுப்பியது பாதி, அக்காவின் தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் அடகுக்குப் போனது மீதி. அப்படித்தான் அந்த செப்டெம்பரில் ஒரு உண்மையான பல்கலைக்கழகத்தில் அபிவிருத்திக் கற்கை எம்.ஏ.க்குச் சேர்ந்தேன். ஒரு பட்டத்துக்கு இரண்டு முறை கட்டணம்.

இப்போது அப்படிப்பட்ட கல்லூரிகள் அநேகமாக இல்லை, சட்டம் இறுகிவிட்டது என்பீர்கள். சரி. ஆனால் ஏஜென்சிக்காரர் வாயால் சொல்லாத கணக்கு இன்றைக்கும் இருக்கிறது. கட்டணத்தின் மிச்சமும் ஒன்பது மாதச் சீவியச் செலவும் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். அந்தக் காசையும் வட்டிக்குத் தருகிறேன் என்று ஒருவர் வருவார், அவரிடம் வாங்காதீர்கள். விசாவுக்கு மேலதிகமாக, மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்ஸ் என்று சுகாதாரக் கட்டணம் உண்டு. தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். ‘கோடையில் முழுநேரம் உழைத்துக் கடனைக் கட்டலாம்’ என்று சொல்லியிருப்பாரே? முதற்பட்டம் படிக்கிறவருக்குத்தான் அது. எம்.ஏ. மாணவருக்குக் கோடை என்பது ஆய்வுக்கட்டுரை எழுதும் காலம். அதுவும் படிப்பாகத்தான் கணக்கு, 20 மணித்தியாலம் மாறாது. கலியாணம் முடித்திருந்தால் துணையையும் கூட்டி வரலாம் என்ற கதையும் 2024 ஜனவரியோடு முடிந்துவிட்டது. படித்த பிறகு நின்று வேலை தேட நான் வந்த காலத்தில் இரண்டு வருட விசா இருந்தது. 2012 ஏப்ரலில் மூடினார்கள். 2021 ஜூலையில் வேறு பெயரில் திறந்தார்கள். 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிக்கிற எம்.ஏ. காரருக்கு அது 18 மாதம்தான். கதவு திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டு வயலை ஈடு வைக்கிற காரியம் இது.

அதைவிடப் பெரியது, நம்முடைய பாடம். நேர்சிங் படித்தவனை வேலை தேடி வரும். அரசியல், சர்வதேச உறவு படித்தவனுக்கு விசாவுக்குப் பொறுப்பு நின்று வேலை தர இங்கே யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஐ.நா. வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். என் வகுப்பில் முப்பத்தைந்து பேர், எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் இப்போது ஒரு நகரசபையில் வீட்டு வசதிப் பிரிவில் இருக்கிறேன். வாடகை கட்ட முடியாதவர்களின் கோப்புகளைப் பார்க்கிற வேலை. குறையில்லை, பிடித்த வேலைதான். இரண்டு வருடம் இரவில் பெற்றோல் ஸ்ரேசனில் நின்று, பகலில் விண்ணப்பம் எழுதி, நூற்றுக்கு மேல் நிராகரிப்புக் கடிதம் வாங்கி, ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்பதை ஒன்பது விதமாகச் சொல்வார்கள் என்று கற்று, அப்படி வந்து சேர்ந்த இடம்.

இன்னொன்று. ‘நீ வாடா, இங்க பாத்துக்கலாம்’ என்று சொல்கிற மச்சான்மாரை நம்பி வராதீர்கள். பாதிப் பேர் பொய் சொல்லவில்லை. தாங்கள் வந்த காலத்தை வைத்துச் சொல்கிறார்கள். எண்பதுகளில் அகதியாக வந்து கடை கண்ணி என்று நிமிர்ந்தவர்களுக்கு மாணவ விசா என்றால் என்னவென்றே தெரியாது. ‘படிக்க வந்தனியோ, உழைக்க வந்தனியோ’ என்று ஒரு சிரிப்பு மட்டும் இருக்கும். நான் வேலை கேட்டுப் போன ஒரு கடையில், ‘பிறகு வருகிறேன்’ என்பதை நம்மூர்ப் பேச்சில் “மறுகா வாறன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முதலாளி கல்லாவில் இருந்தபடியே, “மட்டக்களப்போ? பாயோட ஒட்ட வைச்சிடுவியளே” என்றார். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு வந்தவரைப் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்ற பழைய கிண்டல். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு மூன்று வருடம் நானும் ‘பிறகு’ என்றே சொல்லித் திரிந்தேன், வெட்கக்கேடு. இப்போது அலுவலகத்தில் தமிழ்ச் சனம் வந்தால் வேண்டுமென்றே “மறுகா வாங்க” என்பேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன். முதல் தவணையில் பங்கேற்பு அபிவிருத்தி என்று ஒரு பாடம். விரிவுரையாளர் திரையில் ஒரு வரைபடம் போட்டார். நீர்த்தேக்கம் ஒன்று, அதிலிருந்து கிளை பிரியும் வாய்க்கால்கள். மேலே எழுதியிருந்தது: கல்லோயா. எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. நம் அம்பாறைப் பக்கம் இங்கினியாகலையில் அணை கட்டி, 1949இல் தொடங்கிய நீர்ப்பாசனத் திட்டம். நமக்குக் கல்லோயா என்றால் சிங்களக் குடியேற்றமும் 1956 கலவரமும்தான் முதலில் நினைவு வரும். அவர்களுக்கு அது வேறு பாடம்: 1980களின் தொடக்கத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹோஃபும் கொழும்பு கமநல ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை இடதுகரைக் கிராமங்களில் போய்த் தங்கவிட்டு, விவசாயிகளைக் குழுவாக்கி, அவர்களே வாய்க்கால் துப்புரவாக்கி முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய கதை. வாய்க்காலின் கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று உலகம் முழுக்கப் படிப்பிக்கிறார்கள்.

கடைசி வயல்! எங்கள் வயல் அப்படிப்பட்டதுதான். சிறுபோகத்தில் தண்ணீர் நடுச்சாமத்தில்தான் வரும். அப்பா மண்வெட்டியும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு வரம்பில் படுத்துக் கிடப்பார். மேல் வயல்காரன் இரவில் மடையை உடைத்துவிட்டால் விடிய, தண்ணீர் முறைக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் முறைப்பாடு. இவ்வளவும் எனக்குத் தெரியும். விரிவுரையாளர், இதுபற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. ‘வரம்பு’க்கு ஆங்கிலம் என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். முந்தைய இரவு பெற்றோல் ஸ்ரேசனில் பத்து மணித்தியாலம் நின்றவன் வேறு.

என் பக்கத்தில் இருந்த அக்கரைப்பற்றுப் பெண் கை தூக்கினார். புலமைப்பரிசிலில் வந்தவர்; சுனாமிக்குப் பிறகு வீட்டுத் திட்டங்களில் மூன்று நான்கு வருடம் வேலை செய்தவர். ஆங்கிலம் என்னைவிடப் பெரிதாகச் சிறந்தது என்று இல்லை. “அந்தக் குழுக்களில் பெரிய காணிக்காரரான ஊர்ப் போடிமார் யார், குத்தகைக்காரர் யார் என்று இந்தக் கட்டுரையில் இல்லையே” என்று கேட்டார். வகுப்பு அப்படியே திரும்பிப் பார்த்தது. அவர் இரவில் நித்திரை கொண்டவர், பகலில் வாசித்தவர், என்ன கேட்க வந்தோம் என்று தெரிந்து வந்தவர். ஒரு வருடம் முடிய ஊருக்குத் திரும்பினார், இப்போது கொழும்பில் நல்ல நிலையில் இருக்கிறார். நான் ஆய்வுக்கட்டுரையை அந்தத் தண்ணீர் முறையைப் பற்றியே எழுதினேன். அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதியது. அந்த வருடத்தில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அதுதான், அதுவும் கடைசி மூன்று மாதத்தில்.

அதனால் சொல்கிறேன், ஏஜென்சிக்காரரை விட்டுவிட்டு இன்னும் ஒன்றிரண்டு வருடம் வேலையில் இருங்கள். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், ஏறத்தாழ இரண்டு வருடம்; கட்டணம், சீவியம், டிக்கற் எல்லாம் தருவார்கள்; முடித்துவிட்டு இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதைப் பலர் ஒரு தண்டனை மாதிரிக் கதைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பொதுநலவாயப் புலமைப்பரிசில்களும் பார்க்கத் தக்கவை. ஜேர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு அபிவிருத்திப் படிப்புகளுக்குத் தருவதற்கும் இரண்டு வருட அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் பெற்று ஆறு வருடம் தாண்டியிருக்கவும் கூடாது. ரோட்டரி சமாதானப் புலமைப்பரிசிலுக்கு மூன்று வருடம். சுவீடனின் உப்சாலாவில் அந்தப் படிப்பு உண்டு. உங்கள் ஒரு வருட வேலையை நீங்களே குறைத்து எழுதியிருக்கிறீர்கள். இவர்கள் எல்லோரும் கேட்பதே அதைத்தான்.

நோர்வேயில் இலவசம் என்று யாராவது சொன்னால், அது 2023 இலையுதிர்காலம்வரை. ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் இன்னும் கட்டணம் இல்லை, ஆனால் வருடச் செலவுக்காசை முன்கூட்டியே முடக்கி வைக்க வேண்டும். பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் தவணைக்கு 1,500 யூரோ. அவ்வளவு தூரம் போக மனமில்லையென்றால் டில்லியில் சார்க் நாடுகள் சேர்ந்து 2010இல் தொடங்கிய தென்னாசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சர்வதேச உறவுகள் எம்.ஏ. அங்கே உண்டு. டில்லி என்றதும் முகம் சுளிக்காதீர்கள், இங்கே வந்து முகம் சுளிக்க நிறையக் கிடைக்கும்.

மூன்றில் எந்தப் பாடம்? உங்கள் கடிதம் முழுக்க வாகரைக் குடும்பங்களும் காணியும் கடனும்தான் வருகிறது, இராஜதந்திரம் ஒரு இடத்திலும் வரவில்லை. அபிவிருத்தி எடுங்கள். எதை எடுத்தாலும் புள்ளிவிபரப் பாடம் ஒன்று எடுங்கள். எனக்கு முதல் வேலை கிடைத்தது அதனால்தான். தரவரிசை பற்றிக் கவலைப்படாதீர்கள். அபிவிருத்திக்கு சசெக்ஸ் வளாகத்தில் இருக்கும் ஐ.டி.எஸ்., ஹேக் நகரத்து ஐ.எஸ்.எஸ். என்று பெயரெடுத்த இடங்கள் இருக்கின்றன, புலமைப்பரிசில் கிடைத்த பிறகு அதைப் பற்றி ஆறுதலாகக் கதைக்கலாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சை படித்தால் வரும்.

வயல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று ஏக்கரில் இரண்டைத்தான் 2016இல் மீட்டோம். மற்றதில் இப்போது ஒரு வீடும் நெல் காயவைக்கிற சீமெந்துத் தரையும் இருக்கின்றன. போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா ஸ்கூட்டியில் பின்னால் இருந்தார். அந்த இடம் வந்ததும், “வேகமா விடு மனே, மழை வருது” என்றார். வானத்தில் ஒரு முகிலும் இல்லை.

உங்கள் அப்பாவோடு ஒருக்கா கதைக்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான்.