காது கேளாதவர்களுக்கு உதவி நாய் எதற்கு? மின்னும் விளக்கும் அதிரும் கடிகாரமும் போதாதா?

சிலருக்குப் போதும். என் அக்காவுக்குப் போதவில்லை. அவளுக்கு இரண்டு காதும் கேட்காது. காலிங் பெல் அடித்தால் மின்னும் விளக்கு, தலையணைக்கு அடியில் அதிரும் அலாரம் எல்லாம் வீட்டில் உண்டு. அப்புறம்தான் நாய் வந்தது. இரண்டையும் பக்கத்திலிருந்து பார்க்கிற தம்பி என்ற முறையில் இந்தப் பதில்.

விளக்கு மின்னினால் அது கண்ணில் பட வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும்போது அது மின்னினால் என்ன, மின்னாவிட்டால் என்ன? நாய் ஆளைத் தேடி வரும். பெல் சத்தம் கேட்டதும் ஓடி வந்து மூக்கால் முட்டும், இல்லாவிட்டால் முன்னங்காலை முழங்கால் மேல் வைக்கும். "என்ன?" என்று அக்கா கையசைத்துக் கேட்டதும் சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். கதவு, அடுப்பில் வைத்த டைமர், அழும் குழந்தை என்று ஒவ்வொன்றுக்கும் இப்படித்தான். புகை அலாரத்துக்கு மட்டும் வேறு பாடம்: தொட்டுவிட்டு அப்படியே தரையில் படுத்துவிடும். நெருப்பு இருக்கும் பக்கம் ஆளைக் கூட்டிப் போய்விடக் கூடாதல்லவா! இதை யோசித்து வைத்தவர்களை நினைத்து எனக்கு இன்றும் வியப்புதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு வசதி உண்டு. முன்பெல்லாம் அக்காவைக் கூப்பிட வேண்டுமானால் தரையை மிதிப்போம், ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்போம். இப்போது நாயிடம் சொன்னால் போதும், போய் அழைத்து வந்துவிடும்.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைத்தவர்கள்கூடத் தூங்கும்போது அதன் வெளிப்பகுதியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். பகலில் ஓரளவு கேட்கிறவருக்கும் இரவு முழு நிசப்தம்தான். விடிகாலையில் கிளம்ப வேண்டிய நாளென்றால் அக்கா இரவெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதிரும் அலாரம் இருந்தும், அது நழுவிக் கீழே விழுந்துவிட்டால் என்ற பயம். நாய் வந்த பிறகு அந்தப் பயம் போய், ஒழுங்காகத் தூங்குகிறாள்.

ஆனால், சத்தத்தைச் சொல்வது பாதிக் கதைதான். என் கணக்கில் சின்னப் பாதி.

ஒருவருக்குக் காது கேட்காவிட்டால், கூட இருப்பவர்கள் மெல்ல மெல்ல அவருடைய காதாகிவிடுகிறார்கள். யார் வந்தது, யார் என்ன சொன்னார்கள், ஏன் எல்லோரும் சிரித்தார்கள் என்று ஒவ்வொன்றையும் அவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்." காது கேளாதவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்த வாக்கியத்தின் மேல் எவ்வளவு எரிச்சல் இருக்கிறது என்று தெரியும். நாய் இப்படித் தள்ளிப் போடாது. சலித்துக்கொள்ளாது, உதவி செய்தேன் என்று நினைவூட்டவும் செய்யாது. அக்காவைத் தனியாக விட்டு நாங்கள் வெளியூர் போவதும், அவள் எங்களை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவதும் இப்போது சாதாரண விஷயம். அவளிடம் தயங்காமல் சண்டை போட முடிகிறது. முன்பு நான் காதாகவும் இருந்ததால், கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் உரிமைகூட எனக்கு இல்லை!

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 165 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாயைச் சீக்கிரம் கொடுத்து, மற்றவர்களைக் காத்திருக்க வைத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2021இல் வெளிவந்தது. நாய் கிடைத்தவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன, பிறரைச் சார்ந்திருக்கிறோம் என்ற எண்ணமும் குறைந்தது. கடைசியாகச் சொன்னதைத்தான் எங்கள் வீட்டிலும் பார்க்கிறேன்.

வெளியே போனால் விஷயம் கொஞ்சம் சிக்கல். காது கேளாமை பார்த்தால் தெரியாது. பின்னாலிருந்து "கொஞ்சம் வழி விடுங்கள்" என்று சொல்பவருக்கு, நகராமல் நிற்கும் அக்கா திமிர் பிடித்தவளாகத்தான் தெரிவாள். காது கேளாதவரின் உதவி நாய் என்று காட்டும் மேலங்கியை நாய் போட்டிருப்பது அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது. அதைப் பார்த்ததும் முன்னால் வந்து முகம் பார்த்துப் பேசுகிறார்கள். புதியவர்கள் பேச்சுக் கொடுப்பதும் அதிகமாகிவிட்டது. அதுதான் தொல்லையும்கூட: பாதிப் பேர் குனிந்து நாயைக் கொஞ்சிக்கொண்டே பேசுவார்கள். உதட்டைப் படித்துப் புரிந்துகொள்கிறவளுக்கு உச்சந்தலையைக் காட்டினால் என்ன புரியும்? இன்னொன்று, சாலையில் வண்டி வருவதை நாய் அறிவிக்கும் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலும் அதற்குப் பயிற்சி கொடுப்பதில்லை. ஆனால் அதன் காதும் தலையும் திரும்புவதைப் பார்த்து அக்காவும் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்ப் பள்ளி 1916இலேயே ஜெர்மனியில் தொடங்கிவிட்டது. காது கேளாதோருக்கு நாய் பழக்கும் யோசனை பரவ 1970கள் வரை ஆயிற்று. சினிமாவுக்கு விலங்குகளைப் பழக்கிவந்த ராய் கபாட் என்பவர் 1977இல் அமெரிக்காவின் ஆரிகனில் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். காப்பகங்களில் கிடந்த நாய்களையே எடுத்துப் பழக்கினார்கள். பிரிட்டனில் இந்தப் பணி 1982இல் தொடங்கியது. ஜப்பான் 2002இல் கொண்டுவந்த உதவி நாய்ச் சட்டத்தில் இவையும் சேர்க்கப்பட்டன.

இதற்குப் பெரிய சாதி நாய் வேண்டியதில்லை. காக்கர் ஸ்பானியல், பூடில், லாப்ரடார், கலப்பினம் எதுவானாலும் சரி. வழிகாட்டி நாய் சத்தங்களுக்கு அசையாமல் இருக்க வேண்டும். இதுவோ சத்தம் கேட்டால் "என்ன, என்ன" என்று துள்ளி எழ வேண்டும். சும்மா இருக்க முடியாத குணம்தான் இந்த வேலைக்குத் தகுதி.

சரி, எல்லோருக்கும் பரிந்துரைப்பேனா? மாட்டேன். புகை அலாரம் வருடக்கணக்கில் அடிக்காமல் இருக்கலாம், அதனால் அடிக்கடி பட்டனை அழுத்திப் பழக்கி, தின்பண்டம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் மறந்துவிடும். மழையானாலும் காய்ச்சலானாலும் வெளியே கூட்டிப் போயாக வேண்டும். நாய் என்றாலே ஒதுங்குகிறவர்களுக்கும், சைகை மொழி பேசும் குடும்பம், நட்பு என்று நிறைவாக இருக்கிறவர்களுக்கும் கருவிகளே தாராளம். இடையில் காது கேட்காமல்போய், வீட்டுக்குள் சுருங்கிக்கொண்ட ஒருவர் என்றால், முயன்று பாருங்கள் என்பேன்.

காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும், அதனால் சீக்கிரம் விண்ணப்பியுங்கள். நாயைக் கொடுக்கும் அமைப்பிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: வீட்டுக்கு வந்த பிறகும் பயிற்சியாளர் வந்து பார்ப்பாரா? வயதாகி ஓய்வு கொடுக்கும்போது அதை நாங்களே வைத்துக்கொள்ளலாமா? அக்கா முதலில் கேட்டது இரண்டாவது கேள்வியைத்தான்.