‘காட்டெருமை வந்திருக்கு, வந்து பாரு’

கேள்வி: எனக்கு வயது 48. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி 25 வருஷம் முடிந்துவிட்டது. கணவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். குடிப்பழக்கம் கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. மகன் பெங்களூரில் இருக்கிறான். மகளைப் போன வருஷம் கோவையில் கட்டிக் கொடுத்தோம். அதிலிருந்து வீடே சத்தமில்லாமல் கிடக்கிறது. நைட் ஷிஃப்ட், குறட்டை என்று அவர் தனி அறையில் படுக்க ஆரம்பித்து 4 வருஷம் ஆகிறது. கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, இதுதான் எங்கள் பேச்சு. புதுச் சேலை கட்டிக்கொண்டு முன்னால் நின்றாலும் போனிலிருந்து தலை நிமிராமல் ‘ம்’ என்பார். மகள் சொன்னாள் என்று மூணாறு போனோம். அங்கேயும் போய், இந்த ஊரில் பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் சமையலில் இருக்கும்போது ‘காட்டெருமை வந்திருக்கு, வந்து பாரு’ என்று கூப்பிட மட்டும் தெரிகிறது. தினமும் பார்க்கிற மாட்டில் என்ன இருக்கிறது? சீசனுக்கு வரும் புதுக் கல்யாண ஜோடிகளைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. இந்த வயதில் இப்படி ஏங்குவது தப்பா அக்கா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

தப்பே இல்லை. கட்டியவர் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதற்கு வயது வரம்பு எதுவும் கிடையாது. உங்களைப் போல எத்தனையோ பெண்கள் இதே ஏக்கத்தை மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, ‘பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இதெல்லாம் என்ன’ என்று தங்களைத் தாங்களே அதட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் எழுதிக் கேட்டீர்கள். அதற்கே உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் காட்டெருமை வரியில் வந்து நின்றுவிட்டேன். நீங்கள் அதைக் குறையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. வேலை முடித்துக் களைத்து வந்த மனிதர், தேயிலைக்குள் நிற்கும் ஒரு காட்டெருமையைப் பார்க்கிறார். அதைத் தனியாகப் பார்த்துவிட்டுப் போகாமல் உங்களைக் கூப்பிடுகிறார். போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். உங்களுக்கு அது தினமும் பார்க்கிற மாடு. அவருக்கு அது என்ன என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஜான் காட்மேன் என்று ஒரு உளவியல் பேராசிரியர். கணவன் மனைவி உறவைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். புதிதாகக் கல்யாணமான ஜோடிகளைச் சாதாரண வீடு போல அமைத்த ஓர் இடத்தில் தங்க வைத்து, அவர்கள் பேசுவதையும் பேசாமல் இருப்பதையும் கவனித்தார். ‘அந்தப் பறவையைப் பாரேன்’ என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா, இல்லையா? அவர் எண்ணியது இதைத்தான். 6 வருஷம் கழித்து விசாரித்தபோது, சேர்ந்தே இருந்தவர்கள் அன்றைக்கு 100 அழைப்பில் 86-க்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33-க்குத்தான் திரும்பியிருந்தார்கள். அவர் கவனித்ததெல்லாம் இந்த மாதிரிச் சின்ன அழைப்புகளைத்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். என் கணவர் ரிட்டயர் ஆன புதிதில் காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார். நான் அடுப்படியில் இருப்பேன். ‘இங்க கேளேன்’ என்பார். குக்கர் சத்தத்தில் எனக்கு எரிச்சலாக வரும், ‘அதான் நானும் அப்புறம் படிக்கப் போறேனே’ என்பேன். ஒருநாள் அவர் படிப்பதை நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டார் என்பது எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, ஏன் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. அன்றைக்கு அழுதேன். மறுநாள் காலையில் டீயையும் வர்க்கியையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?’ என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

உங்கள் கணவர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அது பெரிய விஷயம். அடுத்த தடவை அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். வாசலைத் தாண்ட வேண்டாம், ஜன்னலிலிருந்தே பாருங்கள். நம் பக்கம் காட்டெருமை முட்டி உயிரே போயிருக்கிறது. ஐந்து நிமிஷம் நின்றால் போதும்.

சரி, எல்லாம் நானே செய்ய வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சேலை கட்டிக்கொண்டு நீங்கள் போய் நின்றதும் ஓர் அழைப்புதான். அவர் திரும்பவில்லை. அது உங்களுக்கு வலித்தது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன். அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். ‘எப்பப் பார்த்தாலும் அந்த போன்தானா’ என்று ஆரம்பித்தால் அவர் போனுக்கு வக்காலத்து வாங்குவார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘என்னங்க, அன்னைக்குச் சேலை கட்டிக்கிட்டு நின்னேன், நீங்க பார்க்கல. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. எனக்கு உங்ககூடக் கொஞ்ச நேரம் உட்காரணும்போல இருக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த உடனே வேண்டாம். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, முகம் தெளிந்த பிறகு சொல்லுங்கள்.

மூணாறு ஏன் கை கொடுக்கவில்லை? தேயிலையிலேயே வாழ்கிற மனிதரை இன்னொரு தேயிலை மலைக்குக் கூட்டிப்போனால் அவர் இலை விலையைத்தான் கேட்பார். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஆரன் தன் சகாக்களோடு செய்த ஆய்வு ஒன்று 2000-ல் வெளிவந்தது. சில ஜோடிகளின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போகச் சொன்னார்கள். விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டு போன அந்த ஜோடிகள், சாதாரண வேலையைச் செய்தவர்களைவிடத் தங்கள் உறவைப் பற்றி நிறைவாகச் சொன்னார்கள். இருவருக்கும் பழகாத ஒன்றைச் சேர்ந்து செய்வதுதான் அங்கே வேலை செய்தது.

அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் மலைக்காரர்களில் பாதிப் பேர் மலை ரயிலில் ஏறியதே இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டோம். குன்னூருக்கு 1899-ல் வந்து, ஊட்டிக்கு 1908-ல் நீண்ட பாதை அது. ஒரு வாரநாளில், சீசன் கூட்டம் இல்லாதபோது, குன்னூர் வரை பஸ்ஸில் போய் அங்கே ரயில் ஏறுங்கள். வெலிங்டன், அரவங்காடு தாண்டிக் கேத்தியில் இறங்கிவிடுங்கள். அந்தச் சின்ன ஸ்டேஷனில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பாருங்கள். கொண்டுபோன சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடுங்கள். அங்கிருந்து எப்படித் திரும்பி வருவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தத் தனி அறை. தனியாகப் படுப்பதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்குத் தூக்கம் முக்கியம், உங்களுக்கும் முக்கியம். ஆனால் குறட்டை பலமாக இருந்து, நடுநடுவே மூச்சு நின்று திணறுகிறார் என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்கள் பகலெல்லாம் சோர்ந்துதான் இருப்பார்கள். சர்க்கரை, பிரஷர் பார்த்து எத்தனை நாளாகிறது? இந்த நோய்களாலும், சில மாத்திரைகளாலும் ஆண்களுக்கு விறைப்புக் குறையும். சில சமயம் இதய ரத்தக்குழாய்க் கோளாறுக்கு அதுவே முதல் அறிகுறியாக இருக்கும். அவமானத்தில் வெளியே சொல்லாமல், விலகிப் படுத்துக்கொள்ளும் ஆண்கள் நிறைய. மனைவியோ தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று சொல்லவில்லை, ஆனால் விசாரியுங்கள்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதை ஒட்டிய வருஷங்களில் தூக்கம் கெடும், கோத்தகிரிக் குளிரிலும் திடீரென்று வியர்த்துக் கொட்டும், காரணமில்லாமல் அழுகை வரும். பிறப்புறுப்பில் வறட்சி வந்து சேர்க்கையே வலியாகிவிடும். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதில்லை. வறட்சிக்கு ஜெல் இருக்கிறது, ஹார்மோன் கிரீம் இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள், அவர்கள் தினமும் கேட்கிற விஷயம்தான் இது.

4 வருஷ இடைவெளியை ஒரே ராத்திரியில் தாண்டப் பார்க்காதீர்கள். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970-ல் சொன்ன முறையை இன்றும் பாலியல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கொஞ்ச நாளைக்குச் சேர்க்கை கிடையாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு, வெறுமனே தொட்டுப் பழகுவது. கட்டாயம் இல்லை என்று தெரிந்ததும் பயம் போய்விடும். உங்களுக்கு இது ரொம்ப எளிது. ஃபேக்டரியில் மணிக்கணக்காக நின்ற காலுக்கு வெந்நீர் வைத்து, தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடுங்கள். இன்னொரு நாள் உங்கள் முதுகுக்கு அவர் தேய்க்கட்டும். அப்படியே ஒரே கம்பளிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தூக்கம் வந்ததும் அவர் அறைக்கு அவர் போகட்டும். அவர் போகாமல் இருக்கிற நாளும் வரலாம்.

கொழுந்து மலையாக வந்து விழுகிற மாதங்களில் இதையெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். அப்போது அவர் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். பனி விழுந்து இலை குறைகிற தை, மாசிதான் தோதான காலம். இரண்டு மூன்று மாதம் மனதார முயன்றும் அவர் அசையவில்லை என்றால், இருவருமாக ஒரு குடும்பநல ஆலோசகரைப் பாருங்கள். அவர் வரமாட்டேன் என்றால் முதலில் நீங்கள் மட்டுமாவது போங்கள்.

பங்குனியில் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். கேத்தியில் இறங்கினீர்களா என்று சொல்லுங்கள். அப்புறம், தேயிலைக்குள் வருகிற அந்தக் காட்டெருமைகளில் எதற்காவது அவர் பெயர் வைத்திருக்கிறாரா என்று கேட்டு, அதையும் எழுதுங்கள்.